பழையதற்குப் புதிய வேலை

தேய்ந்தும் உடைந்தும் மூலையில் ஒதுங்கிய வீட்டுப் பொருளை உருக்காமல், அரைக்காமல், அதன் துணியையோ தகரத்தையோ மரத்தையோ அப்படியே எடுத்து இன்னொரு வேலைக்கு ஏற்றபடி மாற்றுவது மறுஆக்கம். அப்சைக்கிளிங் என்றும் சொல்வார்கள். மீள்சுழற்சிக்குத் தொழிற்சாலை வேண்டும். இதற்குக் கத்தரிக்கோல், ஊசி, சுத்தியல் போதும்.

கண்டிக்கு இது புதிதல்ல. சுற்றியுள்ள தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பில் கட்டிய படங்கு பெரும்பாலும் பழைய சாக்குதான். தேயிலை அடைத்த பலகைப் பெட்டிகள் தட்டு அடித்து அலுமாரியாயின. இன்று இந்தப் பழக்கத்துக்குக் குப்பையைக் குறைக்கும் இன்னொரு தேவையும் சேர்ந்திருக்கிறது. நகரின் குப்பை நெடுங்காலமாகக் கொட்டப்பட்ட கொஹாகொட மேடு மகாவலிக் கரையோரத்தில் இருக்கிறது. மழையில் அதன் கசிவு ஆற்றைத்தான் தேடிப்போகும்.

எந்தப் பொருளை எடுத்தாலும் முதலில் பார்க்க வேண்டியது, புதிய வேலையை அது தாங்குமா என்பதுதான். இதற்கு இலங்கையிலேயே கசப்பான பாடம் உண்டு. மின்சாரம் எட்டாத வீடுகளில் வெறும் போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றித் திரி செருகிய குப்பி விளக்குகள் எரிந்தன. அவை சரிந்து தீப்பிடித்துப் பலர் கருகினார்கள். அறுவைச் சிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, குட்டையும் கனமுமான மார்மைட் போத்தலின் வடிவைப் பின்பற்றி, உருளாத தட்டைப் பக்கங்களும் திருகு மூடியும் கொண்ட விளக்கை உருவாக்கினார். அதற்கு 1998இல் ரோலெக்ஸ் விருது கிடைத்தது.

புதிதாகத் தொடங்குபவர்களுக்குத் துணியே நல்லது. பிழைத்தால் பிரித்துவிடலாம். பழைய பருத்திச் சேலையை நீளவாக்கில் 5 சென்ரிமீற்றர் அகலக் கீற்றுகளாகக் கிழிக்க வேண்டும். ஓரத்தில் சிறிது வெட்டிவிட்டு இழுத்தால் நூலோட்டத்திலேயே நேராகக் கிழியும். ஒரு சேலையில் 20 கீற்றுகளாவது தேறும். மூன்றைச் சேர்த்துச் சடைபோல் பின்னி, முடியும் இடத்தில் அடுத்த கீற்றைத் தைத்து நீட்ட வேண்டும். பின்னலை நத்தைச் சுருளாகச் சுற்றி, சுற்றுக்குச் சுற்று தடித்த நூலால் தைத்தால் கால்மிதி தயார். மடியில் வைத்துத் தைக்கக் கூடாது. இழுவை கூடி நடு குழிந்து கிண்ணமாகிவிடும். மேசையில் தட்டையாகப் பரப்பித் தைப்பதே சரி. நைலோன் சேலை ஈரத்தை உறிஞ்சாது, கால்மிதிக்கு உதவாது. கண்டியின் ஈரக் காற்றில் துணி எளிதில் பூஞ்சணம் பிடிக்கும். துவைத்து, நல்ல வெயில் கண்ட துணியையே எடுக்க வேண்டும்.

அடுத்தது பேணி. டின் மீன் பேணியின் விளிம்பு கத்தி போன்றது; சுத்தியலால் தட்டி மடித்த பிறகே கை வைக்கலாம். அடியில் ஆணியால் ஐந்தாறு துளை போட்டு மண் நிரப்பினால் கொச்சிக்காய்க் கன்று வளர்க்கலாம். வல்லாரை பக்கவாட்டில் படர்வதால் அகலமான பிஸ்கட் பேணி அதற்குப் பொருந்தும். தகரம் மழையில் துருப்பிடிக்கும் என்பதால் இது ஓரிரு போகத்துக்கான தொட்டிதான்.

துளையிடாத பேணியை முற்றத்தில் வைக்கவே கூடாது. 2017இல் இலங்கையில் 186,000க்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளர்களாகப் பதிவானார்கள். அதைப் பரப்பும் நுளம்பு தேங்கிய சிறு நீரில் முட்டையிடும்; ஒரு வாரம் பத்து நாளில் அதிலிருந்து புதிய நுளம்பு பறக்கத் தொடங்கிவிடும். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டையும் வாரம் ஒருமுறை கவிழ்த்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். பழைய டயரில் பூச்செடி வைப்பவர்கள் அதன் உட்குழிவு முழுவதும் மண்ணால் அடைபட்டிருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

ஜாம் போத்தல்களை வெந்நீரில் ஊறவைத்து லேபிளை உரித்து, எஞ்சிய பசையைத் தேங்காய் எண்ணெய் தடவி எடுத்தால் மிளகு, கராம்பு போட்டு வைக்கலாம்.

சிலவற்றை மட்டும் தொடவே கூடாது. பூச்சிமருந்து இருந்த கலனை எத்தனை முறை கழுவினாலும் தண்ணீருக்கோ உணவுக்கோ பயன்படுத்த முடியாது. மிகப் பழைய கதவு, யன்னல்களின் பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். உலரத் தேய்த்தால் அந்தத் தூள் பிள்ளைகளின் உடலுக்குள் போய்விடும்.