பேரொளியைப் படம் பிடித்தல்

இருளில் படம் எடுப்பது கடினம். வெளிச்சத்தில் எடுப்பது எளிது என்றே நம்மில் பலர் எண்ணுகின்றோம். ஆயினும், பெருநாள் தொழுகை முடிந்து வெள்ளாடையுடன் திரளும் பெரியவர்களை எடுத்த படங்களைப் பாருங்கள். ஆடைகள் சாம்பல் படிந்திருக்கும், முகங்கள் கறுத்திருக்கும். நாளை அவர்கள் நினைவாக நம்மிடம் எஞ்சப்போவது அப்படம் ஒன்றே என்றால், இப்பிழையைச் சிறிதென்று கொள்ளலாகாது.

காரணம் யாது? கேமராவிலுள்ள ஒளிமானி, எதிரிலுள்ள காட்சி ஏறத்தாழ 18 விழுக்காடு ஒளியைத் திருப்பி அனுப்பும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே கொள்கிறது. வெண்மையைக் கண்டால் ஒளி மிகுந்துவிட்டதென்று தானே குறைத்துவிடுகிறது.

காரைக்காலை அடுத்த நாகூரின் வெண்ணிற மினாராக்களை எடுத்துக்கொள்வோம். தெளிந்த வெயிலில், ஐ.எஸ்.ஓ. 100, துளையளவு எஃப் 16 என வைத்தால் ஷட்டர் வேகம் 1/125 நொடி போதுமானது. இது பழைய கலைஞர்கள் கைக்கொண்ட விதி. ஆனால் படம் முழுதும் வெண்சுவரே நிறைந்திருப்பின் ஒளிமானி 1/500 என்று காட்டும். அதை நம்பினால் வெண்மை மங்கும். எனவே ஒரு படியோ இரு படியோ ஒளியைக் கூட்டுதல் வேண்டும். அளவு மீறுதலும் தவறு. டிஜிட்டல் படத்தில் முற்றிலும் வெளுத்துப்போன இடத்தின் நுட்பங்களைப் பின்னர் மீட்க இயலாது. பெரியவர்களை நிழலில் நிறுத்தி எடுப்பதே முகத்திற்கும் ஆடைக்கும் பொருந்தும் வழியாகும்.

முழுநிலவுக்கோ இதன் மறுதலை! கரிய வானைக் கண்ட ஒளிமானி ஒளியை மிகுதியாகக் கூட்டுகிறது; நிலவு வெறும் வெள்ளை வட்டாகிறது. நிலவும் வெயிலில் நிற்கும் ஒரு பாறையே அன்றோ! ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 11, 1/125 நொடி எனத் தொடங்கினால் அதன் கறைகள் தெளியும். கைப்பேசியிலாயின், திரையில் நிலவைத் தொட்டு ஒளியளவைக் கீழிறக்கலாம். மெல்லிய பிறைக்கு இதனினும் கூடுதல் ஒளி தேவை.

சூரியனையே எடுக்க முனைவோர் விழிப்புடன் இருத்தல் வேண்டும். 1845 ஏப்ரல் 2இல் பிரான்சு நாட்டு அறிஞர்கள் ஃபூக்கோ, ஃபிசோ இருவரும் 1/60 நொடியில் சூரியனைப் படமாக்கினர். நம் கொடைக்கானல் ஆய்வகத்திலும் ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட சூரியப் படங்கள் உள்ளன. 2019 டிசம்பர் 26இல் கோவை, திண்டுக்கல் பகுதிகளில் வளையமாகத் தெரிந்த கிரகணம், காரைக்காலில் பகுதியாகத் தெரிந்தது. அத்தகைய வேளைகளில் ஒளியை நூறாயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் சூரிய வடிகட்டியை லென்சின் முன்புறம் பொருத்தாமல் நோக்குதல் கண்ணைக் கெடுக்கும், கருவியையும் கெடுக்கும்.

கருவி அளக்கும், ஆனால் எதிரில் இருப்பது மினாராவா, நிலவா, மனித முகமா என்பதை அது அறியாது. அதனை அறிந்து முடிவு செய்யவேண்டியவர்கள் நாமே.