கண்ணாடிக் கண்ணும் கைபேசிப் படமும்

நெதர்லாந்தின் லைடன் நகரத்து அருங்காட்சியகத்தில், பாடம் செய்த ஒரு சிறு பறவை இருக்கிறது. பழுப்புத் தலை, சாம்பல் நெஞ்சு, கண்ணின் குறுக்கே அகலமாக ஒரு கறுப்புப் பட்டை. கரும்புருவச் சிலம்பன் என்று தமிழில் சொல்லலாம். நம் தோட்டத்துத் தவிட்டுக்குருவிக்குத் தூரத்துச் சொந்தம். 1840களில் போர்னியோ தீவில் பயணம் செய்த கார்ல் ஷ்வானர் என்ற ஜெர்மானியர் சேகரித்தது. நெப்போலியனின் தம்பி மகனான போனபார்த் 1850இல் அதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். அதன் பிறகு நெடுங்காலம் அந்த இனத்தை உயிரோடு பார்த்ததாக அறிவியலில் ஒரு பதிவும் இருக்கவில்லை. பிடித்த இடத்தைக் குறித்துவைக்காததால் வெகுகாலம் அதை ஜாவாப் பறவை என்றே நம்பியிருந்தார்கள். அந்த ஆண்டுகளில் ஷ்வானர் போர்னியோவில் இருந்தார் என்பதைக் கவனித்து 1895இல் திருத்தினார்கள். உலகத்துக்கே சான்றாக இருந்தது அந்த ஒற்றை உடல்தான்.

2020 அக்டோபரில் போர்னியோவின் தெற்குக் கலிமந்தான் பகுதியில், காட்டை நன்கு அறிந்த உள்ளூர்க்காரர்கள் இருவரிடம் ஒரு பறவை சிக்கியது. அவர்களுக்கு அது இன்னதென்று தெரியவில்லை. படம் எடுத்து, பறவை பார்க்கும் நண்பர்கள் குழுவுக்குக் கைபேசியில் அனுப்பிக் கேட்டார்கள். பார்த்தவர்கள் புத்தகங்களைப் புரட்டினார்கள். பொருந்துவதாக ஒன்றே ஒன்றுதான் அகப்பட்டது. அதுவோ 170 ஆண்டுகளுக்கும் மேலாகக் காணாமல் போயிருந்த பறவை. படம் நிபுணர்களிடம் போயிற்று; லைடன் உடலோடு ஒப்பிட்டார்கள்; 2021 பிப்ரவரியில் செய்தி அச்சேறியது.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது. அருங்காட்சியகப் பறவைக்கு மஞ்சள் கண். கைபேசிப் படத்தில் இருந்த பறவைக்கோ அடர்சிவப்புக் கண்! லைடன் பறவையின் மஞ்சள், பாடம் செய்தவர் பொருத்திய கண்ணாடிக் குண்டின் நிறம். உயிருள்ள பறவையின் கண்ணைப் பார்த்து யாரும் எழுதிவைக்காததால், இத்தனை காலமும் அந்த மஞ்சளே அதன் நிறமாக நின்றுவிட்டது.

ஏன் இப்படி? இறகு என்பது வளர்ந்து முடிந்தபின் உயிரற்ற பொருள், நம் நகத்தைப் போல. அதன் கறுப்பும் பழுப்பும் மெலனின் என்ற நிறமி. வெளிச்சம் படாமல் வைத்தால் நூறாண்டு தாங்கும். மீன்கொத்தியின் நீலத்தில் நீல நிறமியே கிடையாது. இறகுக்குள் இருக்கும் நுண்ணிய கட்டமைப்பில் ஒளி சிதறுவதால் தெரியும் நீலம் அது. கட்டமைப்பு குலையாத வரை நிறமும் நிற்கும். கண் அப்படி அல்ல. அது ஈரமான உயிர்த்திசு. அழுகிவிடும், எடுத்துவிட வேண்டும். கால், அலகு, கண்ணைச் சுற்றிய தோல் ஆகியவற்றின் நிறமும் காயக் காய மங்கிவிடும். சிலம்பனின் காலிலும் இதே கதைதான்: காய்ந்த உடலில் பழுப்பு, உயிருள்ள பறவையில் சிலேட்டுச் சாம்பல். அருங்காட்சியகம் எவ்வளவு பத்திரமாகப் பூட்டிவைத்தாலும் காப்பாற்ற முடியாத ஒன்றை, தெரியாததைத் தெரியாது என்று சொல்லி இரண்டு பேர் அனுப்பிய படம் காப்பாற்றிக் கொடுத்தது.

பறவைப் படம் எடுப்பவர்களிடையே 'ரெக்கார்ட் ஷாட்' என்று ஒரு சொல் புழங்குகிறது. அழகு பார்க்காமல், பார்த்ததற்குச் சாட்சியாக எடுத்த படம் என்று பொருள். கிளை மறைத்திருக்கும், வெளிச்சம் பின்னால் இருக்கும், ஃபோகஸ் நழுவியிருக்கும். பெரிய லென்ஸில் இறகு இறகாக எடுத்த மீன்கொத்தியை நானும் ரசிக்கிறேன். ஆனால் தேதியும் இடமும் எழுதி, "இது என்ன பறவை?" என்று கேட்டுத் தன் மங்கலான படத்தை நாலு பேர் முன் வைக்கிறாரே, அவருக்கே என் முதல் நன்றி. அவர் கவனிக்காததை வேறொருவர் கண் பிடித்துக்கொள்ளும். சிறகில் ஓர் இறகு மட்டும் புதிதாக முளைத்திருக்கும். அலகில் இருக்கும் புழுவை ஒருவர் பெயர் சொல்லி அடையாளம் காட்டுவார். மங்கோலியாவில் கழுத்துப்பட்டை மாட்டிவிட்ட வரித்தலை வாத்துகள் இமயத்தைத் தாண்டி நெல்லைக் குளங்கள் வரை வந்திருக்கின்றன. பட்டையின் எழுத்து படத்தில் படிக்கக் கிடைத்துவிட்டால், எங்கே பட்டை மாட்டிய பறவை என்பது தெரிந்துவிடும்.

படமும் சில இறகுகளுமே உடலின் இடத்தில் சாட்சியாக நின்றதும் உண்டு. அருணாசலப் பிரதேசத்தின் ஈகிள்நெஸ்ட் காடுகளில் புகுன் லியோசிக்லா என்ற புதிய இனத்தை உலகுக்கு 2006இல் அறிவித்த ரமணா ஆத்ரேயா, தொழிலால் வானியலாளர். பறவை பார்ப்பது அவருடைய ஆர்வம். 1995இலேயே அதைக் கண்டிருந்தார். புதிய இனத்தை நிறுவ ஓர் உடலைக் காட்டுவதுதான் வழக்கம். அவர் கண்டதோ விரல்விட்டு எண்ணத்தக்க பறவைகள். ஒன்றைக் கொன்றாலும் அந்தக் கூட்டம் தாங்காது என்று கருதி, வலையில் பிடித்த பறவையை அளந்து, படமெடுத்து, உதிர்ந்த இறகுகளை மட்டும் வைத்துக்கொண்டு பறக்கவிட்டார்.

கலிமந்தான்காரர்கள் இருவரும் அதையேதான் செய்தார்கள். எத்தனை பெரிய செய்தியைக் கையில் பிடித்திருக்கிறோம் என்று தெரியாமலேயே, படங்களை எடுத்து முடித்ததும் அந்தச் சிவப்புக் கண் பறவையைக் காட்டில் விட்டுவிட்டார்கள்.