வடிகஞ்சி கேட்டு நின்றவர்கள்

1943ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கல்கத்தாவின் வீட்டு வாசல்களில் கிராமத்து மனிதர்கள் வந்து நின்றார்கள். உழவுக் கூலிகள், மீனவர்கள், கைக்குழந்தையோடு பெண்கள். அவர்கள் சோறு கேட்கவில்லை, கேட்டாலும் கிடைக்காது என்று தெரிந்துவிட்டது. சோறு வடித்த பிறகு சாக்கடையில் கொட்டுகிற கஞ்சியைத்தான் தகரக் குவளையை நீட்டிக் கேட்டார்கள். பஞ்சத்தைப் பற்றி வங்காளிகள் எழுதியதிலும் வரைந்ததிலும் நடித்ததிலும் அந்தக் குரல் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது.

அந்தப் பஞ்சத்தில் 15 லட்சம் பேர் இறந்ததாக அரசு அமைத்த விசாரணைக் கமிஷன் 1945இல் சொன்னது. அமர்த்தியா சென் போன்ற பிற்கால ஆய்வாளர்கள் சுமார் 30 லட்சம் என்கிறார்கள். இந்த எண்களைப் படிக்கும்போது நமக்கு ஒன்றும் ஆவதில்லை என்பதே உண்மை. வடிகஞ்சிக் குவளையை நினைத்தால்தான் தொண்டை அடைக்கிறது. ஆனால் தொண்டை அடைத்தால் மட்டும் போதுமா? துயரத்தைச் சொல்ல வரும் கலை, அந்தத் துயரம் எந்த வழியாக வந்தது என்பதையும் காட்ட வேண்டும். வங்கப் பஞ்சத்தைச் சொன்னவர்களில் சிறந்தவர்கள் அதைச் செய்தார்கள்.

அவர்களுடைய வேலை எளிதாக இருக்கவில்லை, ஏனென்றால் துயரம் வந்த வழி ஒன்றல்ல. 1942இல் பர்மா ஜப்பானிடம் விழுந்து, அங்கிருந்து வந்த அரிசி நின்றது. ஜப்பானியப் படை வங்கக் கரைக்கு வந்துவிட்டால் அதன் கையில் எதுவும் சிக்கக் கூடாது என்று, கடலோர மாவட்டங்களில் அரசு நெல்லை அகற்றியது. பத்துப் பேருக்கு மேல் ஏற்றக்கூடிய படகுகளைப் பறித்தது. ஆறும் கால்வாயுமாக இருக்கிற ஊரில் படகு போனால் மீனும் போயிற்று, சந்தையும் போயிற்று. அதே ஆண்டு அக்டோபரில் மேதினிப்பூர் மாவட்டத்தைப் புயல் சூறையாடியது. 1942 டிசம்பரில் கல்கத்தாவில் சுமார் 37 கிலோ அரிசி 13, 14 ரூபாய். அடுத்த மே மாதத்தில் 30 ரூபாயைத் தாண்டியது. கூலி அப்படி ஏறவில்லை.

இத்தனைக்கும் நடுவே, வங்க மாகாணத்தில் பஞ்சம் என்று அரசு அறிவிக்கவே இல்லை. அறிவித்திருந்தால் பஞ்ச நிவாரண விதிகளின்படி வேலையும் கஞ்சித் தொட்டியும் தந்தாக வேண்டும். அந்த விதிகள் எங்கிருந்து வந்தன என்பது தமிழர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி. 1876-78இல் சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு அமைந்த கமிஷன் 1880இல் தந்த அறிக்கையிலிருந்து பிறந்தவை அவை. நம் முன்னோர் லட்சக்கணக்கில் செத்து உருவான விதிகள், தேவைப்பட்ட நாளில் வங்கத்தில் பெட்டிக்குள்ளேயே கிடந்தன.

தாது வருஷத்தின்போது வில்லோபி ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி சென்னை மாகாணத்தில் எலும்பும் தோலுமானவர்களை வரிசையாக உட்கார வைத்துப் புகைப்படம் எடுத்தார். அந்தப் படங்கள் இன்றும் நமக்குச் சாட்சியம்தான். ஆனால் அவற்றில் உள்ளவர்களுக்குப் பெயர் இல்லை, ஊர் இல்லை. 1943 நவம்பரில் மேதினிப்பூர்ப் பக்கம் நடந்தே திரிந்த ஓவியர் சித்தப்பிரசாத் இதற்கு நேர்மாறாக நடந்துகொண்டார். தான் வரைந்தவர்களிடம் உட்கார்ந்து பேசி, அவர்கள் யார், எந்த ஊர், வீட்டில் யார் யார் போய்விட்டார்கள் என்று படத்தோடு எழுதி வைத்தார். அவற்றைத் தொகுத்து அவர் வெளியிட்ட 'பசித்த வங்காளம்' என்ற சிறு நூலின் 5,000 பிரதிகளையும் அரசு கைப்பற்றி அழித்தது. குடும்பத்தாரிடம் தப்பிய ஒரு பிரதியைக் கொண்டுதான் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு அது மீண்டும் அச்சானது. ஒரு ஓவியருக்கு அரசு இவ்வளவு பயப்பட்டதற்குக் காரணம் அந்தப் பெயர்கள்தான் என்று நான் நினைக்கிறேன். புள்ளிவிவரத்தை மறுத்துவிடலாம். பெயரும் ஊரும் உள்ள மனிதரை எப்படி மறுப்பது?

பத்திரிகை உலகிலும் ஒரு துணிச்சல் நடந்தது. கல்கத்தாவிலிருந்து வந்த ஸ்டேட்ஸ்மன் நாளிதழின் ஆசிரியர் இயன் ஸ்டீபன்ஸ், 1943 ஆகஸ்ட் 22 அன்று தெருவில் கிடந்தவர்களின் படங்களை அச்சிட்டார். அதற்குப் பிறகு உலகத்தின் கண்ணிலிருந்து பஞ்சத்தை மறைக்க முடியவில்லை. அடுத்த ஆண்டு பிஜன் பட்டாச்சார்யாவின் 'நபான்ன' நாடகம் மேடையேறியது. உள்ளே கல்யாணப் பந்தி, வெளியே குப்பைத் தொட்டியில் எச்சில் இலைக்காக நாயோடு மல்லுக்கட்டும் மனிதன். இரண்டையும் ஒரே மேடையில் வைத்ததுதான் அந்த நாடகத்தின் பலம்.

சத்யஜித் ராய் 1973இல் எடுத்த 'அஷனி சங்கேத்' படத்தைப் பார்த்தவர்கள் சிலர், பஞ்சத்தை வண்ணத்தில் எடுக்கலாமா, வயலும் குளமும் இத்தனை பச்சையாக இருக்கலாமா என்று குறை சொன்னார்கள். எனக்கு அந்தப் பச்சைதான் படத்தின் உயிர். வறண்டு வெடித்த நிலத்தைக் காட்டியிருந்தால் வானத்தின் மேல் பழி போட்டுவிட்டு நிம்மதியாக எழுந்து போயிருப்போம்.

பிபூதிபூஷண் பந்தோபாத்யாயாவின் நாவல்தான் படத்துக்கு மூலம். ஊரிலேயே ஒரே பிராமணர் கங்காசரண். பூசை, பள்ளிக்கூடம், கொஞ்சம் வைத்தியம் என்று வசதியாக வாழ்கிறார். தலைக்கு மேல் விமானங்கள் பறக்கின்றன. யாருடன் யாருக்குச் சண்டை என்று ஊரில் யாருக்கும் சரியாகத் தெரியாது. அரிசி விலை மட்டும் வாரத்துக்கு வாரம் ஏறுகிறது. அவர் மனைவி அனங்கா நெல் குத்தக் கூலிக்குப் போகிறாள். பக்கத்து வீட்டுப் பெண் சுட்கி, முகத்தில் தீக்காயம்பட்ட செங்கல் சூளை ஆளிடம் அரிசிக்காகப் போகிறாள். கடைசியில் தீண்டத்தகாதவள் என்று ஒதுக்கப்பட்ட மோதி பசியால் மரத்தடியில் சாய்கிறாள். கங்காசரண் குனிந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்க்கிறார். அதுவரை அவர் அவளைத் தொட்டிருக்க மாட்டார். ராய் அங்கே பிணக்குவியல் எதையும் காட்டவில்லை, ஒரு கை இன்னொரு கையைத் தொடுவதோடு நிறுத்திக்கொண்டார்.

எட்டு ஆண்டுகள் கழித்து, 1981இல், அமர்த்தியா சென் வறுமையும் பஞ்சமும் பற்றிய தம் நூலில், ராயின் பச்சை வயல்கள் சொன்னதையே கணக்காகச் சொன்னார். 1943இல் வங்கத்தில் இருந்த அரிசி, முந்தைய ஐந்தாண்டுச் சராசரியைவிட 5 சதவீதம்தான் குறைவு, பஞ்சமில்லாத 1941ஐவிட அதிகம் என்றார். அந்தக் கணக்கோடு இன்றும் வாதிடுகிறவர்கள் உண்டு. ஆனால் அரிசி இருந்தும் அதை வாங்கும் சக்தி கூலிக்காரனிடம் இல்லை என்ற அவருடைய அடிப்படை வாதம் நிலைத்துவிட்டது. பஞ்சத்தின்போது அவருக்குப் பத்து வயது நிரம்பவில்லை. பசித்து வருபவர்களுக்கு வீட்டுக்கு ஒரு சிகரெட் டின் அளவு அரிசி கொடுக்கத் தாத்தா அனுமதித்ததை அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

இந்த வரிசையில் என்னை அதிகம் உலுக்கியது மிருணாள் சென் 1980இல் எடுத்த 'அகாலேர் சந்தானே'. ஒரு சினிமாக் குழு 1943 பஞ்சத்தைப் படமாக்க ஒரு கிராமத்துக்குப் போகிறது. நடிகை ஸ்மிதா பாட்டீல், ஸ்மிதா பாட்டீலாகவே வருகிறார். குழுவினர் பழைய பஞ்சப் படங்களைக் காட்டி, இது எந்த வருஷத்துப் பஞ்சம் என்று ஊகிக்கும் விளையாட்டு விளையாடுகிறார்கள். குழு தினமும் வாங்கிக் குவிப்பதால் ஊர்ச் சந்தையில் மீனும் காய்கறியும் விலை ஏறுகின்றன. பஞ்சத்தைப் படமெடுக்க வந்தவர்களே பஞ்சத்தைக் கொண்டுவந்துவிட்டார்கள் என்கிறார் ஒரு கிராமத்துக்காரர். பசிக்காகத் தன்னை விற்ற பெண்ணின் வேடத்துக்கு உள்ளூர்ப் பெண்ணைத் தேடத் தொடங்கியதும் ஊர் கொதிக்கிறது. அந்த ஊர்ப் பெரிய குடும்பங்களில் சில, 1943இல் பட்டினி கிடந்தவர்களின் நிலத்தை அடிமாட்டு விலைக்கு வாங்கி வளர்ந்தவை. தோண்டினால் அது வெளியே வரும். குழு படத்தை முடிக்காமலே ஊரைக் காலி செய்கிறது. அவர்களுக்கு வேலை செய்த ஏழைப்பெண் துர்காவின் குழந்தை பிறகு இறந்துபோகிறது. அவளுக்கு 1943 இன்னும் முடியவில்லை.

இது கற்பனை என்று ஒதுக்கிவிட முடியாது. புள்ளியியலாளர் மகலனோபிஸ் குழுவினர் பஞ்சத்துக்குப் பிறகு எடுத்த கணக்கின்படி, நெல் நிலம் வைத்திருந்த சுமார் 65 லட்சம் குடும்பங்களில் ஏறக்குறைய 16 லட்சம் குடும்பங்கள் நிலத்தை விற்றன, அல்லது அடகு வைத்தன. சுமார் 2.6 லட்சம் குடும்பங்கள் இருந்த நெல் நிலம் அத்தனையையும் விற்றுத் தீர்த்தன. விற்றவர் இருந்தால் வாங்கியவரும் இருந்திருக்கத்தானே வேண்டும்? வெள்ளைக்கார அரசை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு நாம் நகர்ந்துவிடாதபடி மிருணாள் சென் வழியை மறித்து நிற்கிறார்.

இரண்டு படங்களையும் தேடிப் பாருங்கள். முடிந்தால் அடுத்தடுத்துப் பாருங்கள். போர்க்காலத்து ரேஷன் வரிசையில் நின்ற தாத்தாவோ பாட்டியோ உங்கள் வீட்டில் இருந்தால், அப்போது படி அரிசி என்ன விலை, வீட்டில் எதை விற்றார்கள், யார் வாங்கினார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். அந்த நாட்களை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இப்போது எண்பத்தைந்துக்கு மேல் ஆகிறது.