தோலின் கதை – 9: உற்றுப் பார்க்காத ஊர்

1940ஆம் ஆண்டின் கோடையில் தென் இங்கிலாந்தின் வானத்தில் ஜெர்மானிய விமானங்களோடு மோதிய பிரிட்டிஷ் விமானிகளில் பலருக்கு இருபதை ஒட்டிய வயதுதான். அவர்கள் ஓட்டிய ஹரிக்கேன், ஸ்பிட்ஃபயர் விமானங்களில் விமானியின் இருக்கைக்கு நேர் முன்னால் ஒரு பெட்ரோல் டாங்க் இருந்தது. எதிரியின் குண்டு அதில் பாய்ந்தால் தீ விமானியின் முகத்தை நோக்கித்தான் வரும். மேல்மூடியைத் தள்ளி, வார்களை அவிழ்த்து, பாராசூட்டோடு வெளியே குதிக்கச் சில நொடிகளாவது வேண்டும். அதற்குள் முகமும் கையும் வெந்துவிடும். பார்வைக்கு இடைஞ்சல் என்று கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியவர்களும், பிடி நழுவுகிறது என்று கையுறையைக் கழற்றியவர்களும் இமைகளையும் விரல்களையும் தீக்குக் கொடுத்தார்கள். ஆளுக்கு ஆள் ஒரே மாதிரியாக வந்த இந்தக் காயத்துக்கு ‘விமானியின் தீக்காயம்’ என்று மருத்துவர்கள் தனிப் பெயரே வைத்துவிட்டார்கள்.

முதல் உலகப் போரில் முகம் சிதைந்த சிப்பாய்களுக்கு முகம் கட்டிக்கொடுத்த ஹரால்ட் கில்லீஸைச் சென்ற வாரம் பார்த்தோம். அவருடைய உறவினரான ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோவிடம்தான் இந்த விமானிகள் வந்து சேர்ந்தார்கள். நியூசிலாந்தின் டனீடன் நகரில் 1900இல் பிறந்தவர் மெக்கிண்டோ. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் வயிற்று அறுவை சிகிச்சை பயின்று, 1930இல் லண்டனுக்கு வந்தார். நம்பி வந்த வேலை கிடைக்கவில்லை. கைகொடுத்த கில்லீஸ் அவரைப் பிளாஸ்டிக் சர்ஜரியின் பக்கம் திருப்பினார். இரண்டாம் உலகப் போர் மூண்டபோது பிரிட்டன் முழுவதற்கும் முழுநேரப் பிளாஸ்டிக் சர்ஜன்கள் நான்கே பேர். அவர்களில் ஒருவராக மெக்கிண்டோ வளர்ந்திருந்தார். 1939இல் அவருக்கு ஒதுக்கப்பட்ட இடம், லண்டனுக்குத் தெற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் இருந்த ஈஸ்ட் கிரின்ஸ்டெட் என்ற சிறிய ஊரின் குயின் விக்டோரியா மருத்துவமனை.

தீக்காய சிகிச்சை எங்கே முடிகிறது என்ற கேள்விக்கு அந்த மருத்துவமனை சொன்ன பதில் எண்பது ஆண்டுகளுக்குப் பிறகும் நமக்குத் தேவைப்படுகிறது. புண் ஆறித் தோல் மூடியதும் சிகிச்சை முடிந்துவிட்டது என்றுதான் அதுவரை எல்லோரும் எண்ணியிருந்தார்கள். அந்த மனிதர் தன் கையால் அள்ளிச் சாப்பிட்டு, தன் முகத்தோடு தெருவில் நடந்து, ஒரு வேலையில் போய் உட்காரும்வரை சிகிச்சை முடிவதில்லை என்று மெக்கிண்டோ காட்டினார்.

கறுத்த ஓட்டுக்கு அடியில்

அன்றைக்குத் தீக்காயத்துக்குப் பரவலாக நடந்துவந்த வைத்தியம் டானிக் அமிலம். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் எட்வர்ட் டேவிட்சன் என்ற மருத்துவர் 1925இல் அதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். ஆட்டுத் தோலை ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறப்போட்டுப் பதனிடுவதை நம் ஊரில் பலர் பார்த்திருப்பார்கள். பட்டையில் இருக்கும் துவர்ப்புப் பொருள் பச்சைத் தோலை இறுக்கிப் பதப்படுத்துகிறது. டானிக் அமிலமும் அதே வகைப் பொருள்தான். அதே வேலையைத்தான் அது வெந்த சதையின் மேல் செய்தது. புண்ணின் மேல் கறுத்துக் கெட்டியாக ஓர் ஓடு கட்டும். உடலின் நீர் கசிந்து வெளியேறுவது குறையும், வலியும் தணியும். மார்பிலும் முதுகிலும் தீப்பட்டவர்கள் பிழைத்து எழுந்ததால் அந்த மருந்துக்கு நல்ல பெயர் இருந்தது.

முகத்திலும் கையிலும் அது வேறு விதமாக வேலை செய்தது. விரலைச் சுற்றி ஓடு இறுகினால் ரத்த ஓட்டம் தடைபடும். ஓட்டுக்கு அடியில் சீழ் கோக்கும். ஒருவழியாக ஓட்டை உரித்து எடுக்கும்போது விரல்கள் மடங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும். இமையில் பூசினால் இமை சுருங்கிவிடும். பிறகு கண்ணை மூட முடியாது. மூடாத கண்ணின் கருவிழி காய்ந்து, தீயில் தப்பிய பார்வை மருத்துவமனைக் கட்டிலில் போய்விடும்.

இதற்கான மாற்று மெக்கிண்டோவுக்குக் கடலிலிருந்து கிடைத்தது. பாராசூட்டில் குதித்துத் தரையில் இறங்கியவர்களைவிட, கடலில் விழுந்து உப்புநீரில் கிடந்து மீட்கப்பட்டவர்களின் புண்கள் நல்ல நிலையில் இருப்பதை அவர் கவனித்தார். உடனே உப்புநீர்த் தொட்டிகளுக்கு ஏற்பாடு செய்தார்.

தீக்காயக் கட்டு மாற்றுவதை அருகிலிருந்து பார்த்தவர்களுக்குத்தான் அந்தத் தொட்டியின் அருமை புரியும். சீழும் ரத்தமும் காய்ந்து துணி புண்ணோடு ஒட்டியிருக்கும். அதைப் பிரித்து இழுக்கும்போது புதிதாக முளைத்த மெல்லிய தோலும் சேர்ந்து வந்துவிடும். மறுநாள் கட்டு மாற்றும் நேரத்தை நினைத்தே நோயாளிக்கு இரவுத் தூக்கம் போய்விடும். ஈஸ்ட் கிரின்ஸ்டெட்டில் நோயாளியைக் கட்டோடு அப்படியே தொட்டியில் இறக்கினார்கள். உடல் சூட்டுக்கு நிகரான வெதுவெதுப்பில் உப்புநீர். சற்று நேரத்தில் துணி தானாக நெகிழ்ந்து நீரில் மிதந்து வரும். சீழும் செத்த தோலும் கழுவப்பட்டுப் போகும். தண்ணீருக்குள் கையின் பாரம் தெரியாது. அந்த நேரத்தில் விரல்களை மடக்கி நீட்டச் சொல்வார்கள். வெளியே வந்ததும் புண்ணில் சல்ஃபா பொடி தூவி, வாசலின் தோய்த்த வலைத்துணியைப் போர்த்துவார்கள். அது புண்ணில் ஒட்டாது. ஆக, ஒரே குளியலில் கட்டுப் பிரித்தல், சுத்தம் செய்தல், விரல் பயிற்சி மூன்றும் நடந்துவிடும்.

1940இன் இறுதியில் மருத்துவர்களின் கூட்டத்தில் மெக்கிண்டோ டானிக் அமிலத்துக்கு எதிராகக் கடுமையாக வாதாடினார். முகத்திலும் கையிலும் அதைப் பூசும் வழக்கம் பிரிட்டனில் முடிவுக்கு வந்தது.

தோளிலிருந்து மூக்குக்கு

அறுவை சிகிச்சையில் மெக்கிண்டோவின் முதல் கவனம் இமைகள். மேல்கையின் உள்பக்கத்திலிருந்து மெல்லிய தோலை எடுத்து இமையாகப் பொருத்துவார். கண் பாதுகாப்பானதும் கை, உதடு, மூக்கு என்று வேலை போகும். மூக்குக்கு மெல்லிய தோல் போதாது, சதைப்பற்றும் வேண்டும். அதற்குக் கில்லீஸின் குழாய் முறை பயன்பட்டது. தோளிலோ மார்பிலோ நீளமாகத் தோலைக் கீறி, இரு ஓரங்களையும் சேர்த்துக் குழாயாகத் தைப்பார்கள். குழாயின் ஒரு முனை பழைய இடத்திலேயே இருக்கும். மறுமுனையை முகத்தில் கொண்டுபோய்த் தைப்பார்கள். முகத்திலிருந்து குழாய்க்குள் புதிய ரத்த ஓட்டம் பிடிக்கும்வரை பழைய முனையை வெட்டக் கூடாது. இப்படித் தோளுக்கும் மூக்குக்கும் இடையில் தோல் குழாய் தொங்க, அந்த இளைஞர்கள் வாரக்கணக்கில் நடமாடினார்கள்.

ஒரு முகத்தைச் சீராக்கப் பல அறுவைகள் தேவைப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் இடையில் உடல் தேற வேண்டும். ஆண்டுகள் ஓடின. விமானப்படையின் விதியோ, 90 நாட்களுக்குள் பணிக்குத் திரும்பாதவரைப் படையிலிருந்து விடுவித்துவிட வேண்டும் என்றது. முகம் பாதி முடிந்த நிலையில் ஒருவர் வேலையையும் சீருடையையும் இழப்பதை மெக்கிண்டோ ஏற்கவில்லை. அதிகாரிகளோடு மோதி அந்த விதியைத் தளர்த்த வைத்தார். நோயாளிக்காகக் கத்தி பிடித்த கை, நோயாளிக்காகக் கோப்புகளோடும் மல்லுக்கட்டியது.

மூன்றாம் வார்டு

தீக்காயக்காரர்கள் இருந்த மூன்றாம் வார்டு ஒரு நீண்ட மரக்கொட்டகை. மருத்துவமனையில் இருக்கும் படைவீரர்கள் நீலநிற நோயாளி உடையைத்தான் உடுத்த வேண்டும் என்பது அன்றைய வழக்கம். மெக்கிண்டோ அந்த உடையை ஒழித்தார். அவரவர் சீருடையையோ சொந்த உடையையோ போட்டுக்கொள்ளலாம். அதிகாரிக்குத் தனி இடம், சிப்பாய்க்குத் தனி இடம் என்ற பிரிவினையும் இல்லை. வார்டில் ரேடியோ பாடியது, பியானோ இருந்தது, ஒரு பீப்பாயில் பீரும் இருந்தது. விரும்புகிறவர்கள் அறுவை அரங்குக்கு வந்து, மற்றவருக்கு நடக்கும் அறுவையைப் பார்க்கலாம். நாளை தன் முகத்தில் என்ன செய்யப்போகிறார்கள் என்பதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டவருக்குப் பயம் குறைந்தது.

இவற்றைச் சலுகை என்று நினைத்தால் விஷயத்தைத் தவறவிடுவோம். தீ அந்த இளைஞர்களின் முகத்தை எடுத்துக்கொண்டது. மருத்துவமனை அவர்களுடைய உடையையும், பேச்சுரிமையையும், தன் உடலைப் பற்றிய முடிவுகளையும் சேர்த்து எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதில் மெக்கிண்டோ உறுதியாக இருந்தார்.

அடுத்து அவர் செய்ததுதான் எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லாத சிகிச்சை. ஈஸ்ட் கிரின்ஸ்டெட் மக்களிடம் போய்ப் பேசினார். என் பையன்கள் உங்கள் தெருவுக்கு வருவார்கள். அவர்களைக் கண்டு முகத்தைத் திருப்பவும் வேண்டாம், உற்றுப் பார்க்கவும் வேண்டாம், மற்றவர்களிடம் பழகுவதுபோல் பழகுங்கள் என்று கேட்டுக்கொண்டார். ஊர் அதைக் காதில் வாங்கிக்கொண்டது. கடைக்காரர் கண்ணைப் பார்த்துப் பேசிச் சில்லறை கொடுத்தார். குடும்பங்கள் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தன. மூக்கில் குழாயோடு சினிமாவுக்குப் போனவர்களுக்குப் பக்கத்து இருக்கை காலியாகவில்லை. உற்றுப் பார்க்காத ஊர் என்ற பெயர் அந்த ஊருக்கு இப்படித்தான் வந்தது.

1941 ஜூலையில் நோயாளிகள் ஒரு சங்கம் தொடங்கினார்கள். தங்கள் மேல் புதுப்புது முறைகள் சோதிக்கப்படுவதால் ‘கினிப்பிக் கிளப்’ என்று பெயர் வைத்தார்கள். மெக்கிண்டோவைத் தலைவராக்கினார்கள். பணத்தோடு ஓடிவிட முடியாது என்று கால் வெந்தவரைப் பொருளாளராகவும், நீளநீளமாகக் குறிப்பு எழுத மாட்டார் என்று கை வெந்தவரைச் செயலாளராகவும் தேர்ந்தெடுத்தார்கள். தன் காயத்தைத் தானே சொல்லிச் சிரிக்கும் தைரியம் தனிமையில் வராது. அதே காயம் பட்ட நாலு பேர் நடுவில்தான் வரும். போர் முடிந்தபோது உறுப்பினர்கள் 649 பேர். அப்போது அவர்களில் பெரும்பாலோர் குண்டுவீச்சு விமானங்களில் காயம்பட்டவர்கள். கனடா வீரர்கள் பெருகியதால் 1944இல் ராஸ் டில்லி என்ற கனடிய சர்ஜனின் தலைமையில் அங்கே தனிப் பிரிவே திறக்கப்பட்டது. உறுப்பினர்கள் படிப்பு, தொழில், கல்யாணம், குழந்தைகள் என்று வாழ்ந்தார்கள். 2007 வரை ஆண்டுதோறும் ஒன்றுகூடினார்கள். மெக்கிண்டோ 1960இல் காலமானார். லண்டனில் விமானப்படையின் தேவாலயத்தில் அவருடைய அஸ்தி வைக்கப்பட்டது. 2014இல் ஈஸ்ட் கிரின்ஸ்டெட்டில் அவருக்கு நிறுவப்பட்ட சிலையை வடித்த மார்ட்டின் ஜென்னிங்ஸின் தந்தையும் போரில் தீக்காயம் பட்டு மெக்கிண்டோவிடம் சிகிச்சை பெற்றவர்தான்.

இன்றைய தீக்காயப் பிரிவு

அதன்பின் மருத்துவம் வெகுதூரம் வந்துவிட்டது. வெந்த பரப்பைக் கணக்கிட்டு முதல் 24 மணி நேரத்துக்கு எவ்வளவு திரவம் ஏற்ற வேண்டும் என்று முடிவு செய்கிறார்கள். கிருமித்தொற்றைத் தடுக்க நல்ல மருந்துகள் வந்திருக்கின்றன. வெந்து செத்த தோலை முன்கூட்டியே அகற்றி, தொடையிலிருந்து எடுத்த தோலை ஒட்டுகிறார்கள்.

ஆனால் தழும்பு அவசரப்படாது. தோல் மூடிய பிறகும் பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும், அது தடித்துச் சிவந்து சுருங்கிக்கொண்டே இருக்கும். கழுத்தில் இருந்தால் தாடையை மார்பை நோக்கி இழுக்கும். அக்குளில் இருந்தால் கையைத் தூக்க விடாது. வளரும் குழந்தைக்கு உடல் வளர, தழும்பு கூடவே வளராமல் மூட்டைப் பிடித்து இழுக்கும். இதற்காகத்தான் மூட்டை நேராக வைக்கும் சிம்பு, தினசரிப் பயிற்சி, நாளின் பெரும்பகுதியும் போட்டிருக்க வேண்டிய இறுக்கமான உடை, சிலிக்கான் பட்டை எல்லாம் தருகிறார்கள். உடை புழுக்கமாக இருக்கும், பயிற்சி வலிக்கும். வீட்டுக்கு வந்ததும் இரண்டையும் விட்டுவிடத் தோன்றும். விட்டுவிட்டால், சர்ஜன் மணிக்கணக்கில் நின்று மீட்ட கை சில மாதங்களில் மறுபடி மடங்கிவிடும். தீக்காயப் பிரிவில் பிசியோதெரபிஸ்டும் மனநல ஆலோசகரும் சர்ஜனுக்குச் சமமான இடத்தில் இருக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

வீட்டில் இருக்கும் நமக்கும் இரண்டு கடமைகள் உண்டு. தீப்பட்டவுடன் இங்க், பற்பசை, மாவு எதையும் பூசாமல், குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் அந்த இடத்தில் ஓடவிடுங்கள். சுத்தமான துணியால் தளர்வாக மூடி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். இது முதல் கடமை.

இரண்டாவது கடமை பல ஆண்டுகளுக்கு நீள்வது. முகத்தில் தழும்போடு ஒருவர் பேருந்தில் ஏறினால் பக்கத்தில் உட்காருங்கள். என்ன ஆச்சு என்று முன்பின் தெரியாதவர் கேட்பதும், ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்டுவதும் அவரை மறுபடி அந்தத் தீ நாளுக்கே இழுத்துப்போகும். கடை வைத்திருப்பவர்களும் அலுவலகம் நடத்துபவர்களும், வேலை தெரிந்தவரைத் தழும்புக்காகத் திருப்பி அனுப்பாதீர்கள். வாடிக்கையாளர் முகம் சுளிப்பார் என்று பின்கட்டு வேலைக்கும் ஒதுக்காதீர்கள். மருத்துவமனை தோலையும் விரலையும் இமையையும் திருப்பித் தரும். வெளியே நடமாடும் வாழ்க்கையைத் திருப்பித் தருவது ஊரின் பொறுப்பு. அதைச் செய்ய மருத்துவப் படிப்பு வேண்டியதில்லை. போர்க்காலத்தில், பங்கீட்டு உணவில் காலம் தள்ளிய ஒரு சின்ன ஊரே செய்து காட்டியிருக்கிறது. நம்மால் ஏன் முடியாது?

அடுத்த வாரம்: உடலெங்கும் வெந்தவருக்கு ஒட்டுவதற்குச் சொந்தத் தோல் போதாது. உடன்பிறந்தவரின் தோலை எடுத்து ஒட்டினால் நிலைக்குமா? 1943இல் கிளாஸ்கோவில் தாமஸ் கிப்சனும் பீட்டர் மெடவாரும் ஒரு தீக்காய நோயாளியிடம் கண்ட விடை, பின்னாளில் மெடவாருக்கு நோபல் பரிசு பெற்றுத்தந்த ஆய்வுகளுக்கு வழிவகுத்தது.

(தொடரும்)