5 லட்சம் பேர் குடியிருக்கும் கோப்பு

என் மடிக்கணினிக்குள் இப்போது 5 லட்சத்துக்கும் மேற்பட்ட சீனர்கள் குடியிருக்கிறார்கள்! அமைச்சர்கள், கவிஞர்கள், துறவிகள், அவர்களுடைய அப்பாக்கள், மாமனார்கள், மருமகன்கள், கடிதம் எழுதிக்கொண்ட நண்பர்கள். பெரும்பாலோர் 7ஆம் நூற்றாண்டுக்கும் 19ஆம் நூற்றாண்டுக்கும் இடையில் வாழ்ந்தவர்கள். சீன வாழ்க்கை வரலாற்றுத் தரவுத்தளம் என்று பெயர். ஆய்வாளர்கள் செல்லமாக ‘சிபிடிபி’ என்பார்கள். ஒரு பைசா கொடுக்காமல் இறக்கிக்கொண்டேன். தேடும் பெட்டியில் 1762 என்று தட்டினேன். வந்து நின்றார் வாங் அன்ஷி!

1762 என்பது அவருக்கு இங்கே கொடுத்திருக்கும் கதவு எண். 1021இல் பிறந்தவர். சோங் அரச வம்சத்தின் ஆட்சியில் 1069இல் தொடங்கி நாட்டின் நிதி, வரி, படை எல்லாவற்றையும் புரட்டிப்போட்ட அமைச்சர். விதைக்கும் காலத்தில் உழவர்களுக்கு அரசே கடன் கொடுத்து, அறுவடைக்குப் பின் வட்டியோடு திரும்ப வாங்கும் திட்டம் அவருடையது. அதைக் கடுமையாக எதிர்த்தவர் வரலாற்றாசிரியர் சிமா குவாங். இருவரும் 1086ஆம் ஆண்டிலேயே, ஒருவர் பின் ஒருவராகக் கண்ணை மூடினார்கள்.

இதெல்லாம் பந்தியில் பரிமாறும் சாப்பாடு. எனக்கோ கல்யாண வீட்டில் கோட்டை அடுப்புப் பக்கம் போய் நின்றால்தான் மனசு ஆறும். சீனப் பேரரசின் வரலாற்றைக் கணினியில் படிக்கும் பேராசிரியர்கள் பகல் முழுக்க அப்படி என்னதான் செய்கிறார்கள்? வாருங்கள், எட்டிப் பார்ப்போம்!

ஒருவர் விட்டுச்சென்ற சொத்து

அடுப்பை முதலில் மூட்டியவர் ராபர்ட் ஹார்ட்வெல். பென்சில்வேனியா பல்கலைக்கழகப் பேராசிரியர். 750 முதல் 1550 வரை, 800 ஆண்டுகளில் சீனச் சமூகம் எப்படி மாறியது என்பது அவருடைய கேள்வி. அதற்கு விடை தேட, யார் யாருடைய மகன், யார் எந்த ஊரில் பெண் எடுத்தார், யார் எந்தப் பதவியில் இருந்தார் என்று ஆயிரக்கணக்கானோருக்குத் தெரிய வேண்டும். ஒவ்வொன்றாகத் தேடிக் கணினியில் ஏற்றினார். 1982இல் அவர் எழுதிய கட்டுரையைச் சோங் கால ஆய்வாளர்கள் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள்.

1996இல் ஹார்ட்வெல் காலமானார். வீடு, நிலம் எழுதிவைப்பதுபோல, தன் தரவுத்தளத்தை ஹார்வர்டு-யென்சிங் நிறுவனத்துக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார். அப்போது அதில் இருந்தவர்கள் சுமார் 25,000 பேர்.

அதைப் பொறுப்பெடுத்து வளர்த்தவர் ஹார்வர்டின் பீட்டர் போல். தாங், சோங் காலங்களின் சிந்தனை வரலாற்றைப் பற்றி 1992இல் பெயர்பெற்ற நூல் எழுதியவர். அட்டவணைகளை மறுபடி வடிவமைத்தவர் யார் தெரியுமா? மைக்கேல் ஃபுல்லர்! கவிஞர் சூ ஷியின் கவிதைகளை ஆராய்ந்து நூல் எழுதிய இலக்கியப் பேராசிரியர். கவிதை வாசிக்கிற மனம் தரவு அட்டவணைக்குக் கோடு போட்டிருக்கிறது என்று தெரிந்த அன்று நான் துள்ளிக் குதித்தேன். பிறகு தைவானின் அகாடமியா சினிகாவும் பீஜிங் பல்கலைக்கழகமும் கைகோத்தன. 25,000 பேர் 5 லட்சத்தைத் தாண்டிய கதை இது.

பெயரில் தொடங்கும் தலைவலி

இந்தத் துறைக்கு வருகிறவர் முதலில் செவ்வியல் சீனம் படிக்கிறார். பிறகு இன்றைய சீனம். சோங் காலத்தைப் பற்றி ஜப்பானிய அறிஞர்கள் எழுதிக் குவித்திருப்பதால் ஜப்பானிய மொழியும் வேண்டும். ஆண்டுக்கணக்கில் இதெல்லாம் படித்துவிட்டு மூல நூலைத் திறந்தால், எழுத்துகள் இடைவெளி இல்லாமல், நிறுத்தற்குறி இல்லாமல் மழையாகக் கொட்டும். ஓலைச்சுவடி பார்த்தவர்களுக்கு இந்த மூச்சுமுட்டல் புரியும்.

அந்த மழையில் ஓர் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். அவருக்கோ ஒரு பெயர் இல்லை! வாங் அன்ஷி என்பது வீட்டில் வைத்தது. வளர்ந்த பின் மற்றவர்கள் மரியாதையாகக் கூப்பிட ஜியேஃபூ. எழுத்தாளராகப் பான்ஷான். பட்டத்தை வைத்து வாங் ஜிங்கோங். இறந்த பின் அரசு கொடுத்த பெயரால் வாங் வென்கோங். சொந்த ஊரைச் சொல்லி லின்சுவான் ஐயா என்பாரும் உண்டு. ஆறு பெயர், ஆள் ஒருவர். இதற்கு நேர்மாறாக, ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். கடிதத்தில் ‘ஜியேஃபூ’ என்று வந்தால் அது நம் 1762தானா?

இங்கேதான் கணினியும் பழைய எழுத்தரும் கைகுலுக்குகிறார்கள். சீன வாழ்க்கைக் குறிப்புகள் பெரும்பாலும் ஒரே வாய்பாட்டில் தொடங்கும். முதலில் பெயர். அடுத்து ‘ட்ஸு’ என்ற ஓரெழுத்துச் சொல். அதை ஒட்டி மரியாதைப் பெயர். பிறகு ஊர், ஊரின் வாலில் ‘ரென்’, அதாவது ‘ஆள்’, இந்த ஊர்க்காரர். ‘ட்ஸு’வுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு எழுத்தைப் பிடி, ‘ரென்’னுக்கு முன்னால் இருக்கும் ஊரைப் பிடி என்று ஒரே ஒரு வரியில் கணினிக்குச் சல்லடை கட்டிக் கொடுக்கலாம். ஆயிரம் பக்கத்தை அதில் கொட்டினால் பெயரும் ஊரும் ஜோடி ஜோடியாக விழும்! பல நூறு ஆண்டுகளுக்கு முன் சலிக்காமல் ஒரே வாய்பாட்டில் எழுதிவைத்த எழுத்தர்களுக்கு ஒரு கும்பிடு.

லைடன் பல்கலைக்கழகத்தில் ஹில்டா டி வீர்டும் பிரென்ட் ஹோவும் உருவாக்கிய ‘மார்க்கஸ்’ என்ற கருவி இன்னும் ஒரு படி மேலே. பழைய சீன உரையை ஒட்டினால் போதும். ஆள், ஊர், பதவி, காலம் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் பூசிக் காட்டும். கறுப்பு மழை கோலப்பொடி தூவிய வாசலாகிவிடும். ஆனால் அந்த நிறங்களை அப்படியே நம்ப முடியாது. சாதாரணச் சொல்லையும் அது ஆள் பெயர் என்று சாயம் பூசும். ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்தும் கண் ஆய்வாளருடையது.

அறுபதாம் கல்யாணக் கணக்கு

எனக்கு மிகவும் பிடித்த மூலைக்கு வந்துவிட்டோம்: வயது!

பழைய சீனக் கணக்கில் பிறந்த குழந்தைக்கு ஒரு வயது. புத்தாண்டு பிறந்தால் எல்லாருக்கும் ஒரு வயது கூடும். வாங் அன்ஷி பிறந்தது 1021 டிசம்பரில். அடுத்த சீனப் புத்தாண்டு வந்தபோது, இரண்டு மாதம்கூட நிரம்பாத குழந்தைக்கு இரண்டு வயது! ஆண்டின் பெயரோ பேரரசரின் விருப்பம். பேரரசர் ரென்சோங் மட்டும் தன் ஆட்சியில் ஒன்பது ஆண்டுப் பெயர்கள் சூட்டினார். கூடவே, நம் பிரபவ, விபவ போல 60 பெயர்களில் சுழலும் சக்கரமும் உண்டு. இவை எல்லாவற்றையும் கிறித்தவ ஆண்டாக மாற்றினால்தான் கணினி வரிசைப்படுத்தும்.

பிறந்த ஆண்டே தெரியாதவரை என்ன செய்வது? ஹார்ட்வெல் ஒரு வழி கண்டார். ஒவ்வொருவருக்கும் சீனக் கணக்குப்படி 60 வயதாகும் ஆண்டைக் குறியாக வைத்தார். ஆமாம், அறுபதாம் கல்யாணக் கணக்கேதான்! ஒருவர் ‘ஜின்ஷி’ என்ற உயர் தேர்வில் தேறிய ஆண்டு தெரிந்தால், அப்போது அவருக்கு 30 வயது என்று வைத்துக்கொண்டு 30ஐக் கூட்டினார்.

நம் 1762ஐ வைத்துச் சோதித்துப் பார்த்தேன். அவர் ஜின்ஷி தேறியது 1042இல். 30ஐக் கூட்டினால் 1072. அவருக்கு உண்மையில் சீனக் கணக்குப்படி 60 வயதானது 1080இல். எட்டு ஆண்டு பிசகு! ஏனென்றால் அவர் 22 வயதிலேயே தேறிவிட்ட சூரர். ஒருவருடைய சரியான வயதை அறிய இந்த வழி உதவாது. ஆயிரக்கணக்கானோரைத் தலைமுறை தலைமுறையாகப் பிரித்து நிறுத்துவதற்கு இது போதும். எந்தக் கேள்விக்கு எந்த அளவுகோல் என்று தெரிந்துவைத்திருப்பதுதான் இந்த வேலையின் சூட்சுமம்.

மாமாவா, சித்தப்பாவா?

உறவுகளுக்குத் தனி அட்டவணை. ஆங்கிலத்தில் ‘அங்கிள்’ என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவார்கள். சீனத்தில் பெரியப்பா ‘போ’, சித்தப்பா ‘ஷு’, தாய்மாமன் ‘ஜியூ’. நமக்கு இதை விளக்கவே வேண்டாம்! எனவே அப்பா, அம்மா, உடன்பிறந்தார், மகன், மகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியெழுத்து. மூத்தவருக்குக் கூட்டல், இளையவருக்குக் கழித்தல். அப்பாவின் குறி, அதை ஒட்டிச் சகோதரன் குறி, பக்கத்தில் கூட்டல்: பெரியப்பா தயார்.

பதவிகள் இதைவிடக் குறும்புக்காரப் பிள்ளைகள். 1080ஆம் ஆண்டுவாக்கில் நடந்த சீர்திருத்தத்துக்கு முன்பு, ஒருவரின் பெயருக்கு முன்னால் ‘பணித்துறைத் துணை அமைச்சர்’ என்று இருந்தால், அவர் அந்தத் துறைப் பக்கமே போகாதவராக இருக்கலாம். அது சம்பளப் படிநிலை மட்டுமே. ஆள் எங்கோ ஒரு மாவட்டத்தை நிர்வகித்துக்கொண்டிருப்பார்! இதை அறியாமல் வரைபடம் போட்டால் தலைநகரில் கூட்டம் வழிந்திருக்கும், மாவட்டங்கள் காலியாக இருக்கும். ஊர்களுக்கும் இதே பாடு. பெயர் மாறும், எல்லை நகரும். அதற்காகவே ஹார்வர்டும் ஷாங்காயின் ஃபூதான் பல்கலைக்கழகமும் 2001இல் இன்னொரு பெருவேலையைத் தொடங்கின. கி.மு. 222 முதல் கி.பி. 1911 வரை ஒவ்வோர் ஊர்ப்பெயரும் எந்த ஆண்டு தொடங்கி எந்த ஆண்டு வரை இருந்தது என்று குறித்த வரைபடம் அது.

கணினி வந்தால் படிக்கும் வேலை குறையும் என்று நினைத்துத்தான் நான் உள்ளே நுழைந்தேன். இங்கே நடப்பது தலைகீழ். புத்தகத்தில் ‘துணை அமைச்சர்’ என்று வந்தால் தலையாட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடலாம். அட்டவணைக் கட்டமோ விடாது: பதவியா, சம்பளப் படியா? எந்த ஆண்டு? எந்த ஊரில்? எந்த நூல் சொல்கிறது? கண் தாண்டிப்போகும் ஒவ்வொரு வரியிலும் அது ஆய்வாளரின் கையைப் பிடித்து நிறுத்துகிறது.

இரண்டு வூ அம்மாக்கள்

புறப்படும் முன் ஒரே ஒரு கட்டம்.

வாங் அன்ஷியின் தாயார் ஜின்சி என்ற ஊரின் வூ குடும்பத்துப் பெண். அவருடைய மனைவியும் அதே ஊர், அதே வூ குடும்பம். ஏடுகளில் இருவருமே ‘வூ ஷி’, அதாவது வூ வீட்டுப் பெண். வேகமாகப் படித்தால் மாமியாரும் மருமகளும் ஒரே ஆளாகிவிடுவார்கள். கட்டம் கேட்கிறது: எந்த வூ? ஆய்வாளர் திரும்பிப் போய்ப் படித்து, இருவருக்கும் இரண்டு கதவு எண் கொடுக்கிறார். கணவர் வேறு, பிள்ளைகள் வேறு, வாழ்ந்த ஆண்டுகள் வேறு என்று இருவரும் தனித்தனியாக எழுந்து நிற்கிறார்கள்.

தாயாருக்குக் கல்லறை வாசகம் எழுதியவர், வாங் அன்ஷியின் நண்பரும் பேரெழுத்தாளருமான ட்ஸெங் கோங். தரவுத்தளத்தில் இதுவும் ஓர் உறவுதான்: இன்னார் இன்னாருக்குக் கல்லறை வாசகம் எழுதினார். அந்த அம்மாள் படிப்பில் ஆசை மிகுந்தவர், படித்ததை மறக்காதவர், முதுமையிலும் அதில் சலிக்காதவர் என்று அவர் எழுதியிருக்கிறார். அந்த அம்மாளின் இயற்பெயரை மட்டும் எழுதவில்லை.

பெயருக்கான கட்டத்தில் இன்றும் ‘வூ ஷி’தான். நேற்று இரவு அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்காவது ஒரு குடும்ப ஏட்டில் யாராவது ஒரு மாணவி அந்தப் பெயரைக் கண்டுபிடித்தால், அவள் நிரப்புவதற்கு அந்தக் கட்டம் தயாராக இருக்கிறது.