ஆறு பந்தும் யார்க்கர்

2016 ஆகஸ்டில் தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடங்கியபோது அதில் எட்டு அணிகள் இருந்தன. சேலத்துக்கு அணி கிடையாது, நாமக்கல்லுக்கும் கிடையாது. ஆட்டங்கள் சேப்பாக்கத்திலும், திண்டுக்கல் பக்கம் நத்தத்திலும், திருநெல்வேலியிலும் நடந்தன. பட்டம் டூட்டி பேட்ரியாட்ஸுக்குப் போனது. ஆனால் அந்த முதல் சீசனைப் பற்றி இன்று பேசுகிறவர்கள் கோப்பையைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியிலிருந்து வந்து திண்டுக்கல் டிராகன்ஸுக்கு ஆடிய இடக்கை வேகப்பந்து வீச்சாளர் ஒருவர், ஒரு சூப்பர் ஓவரில் ஆறு பந்தையும் யார்க்கராகவே, அதாவது மட்டையாளரின் காலடியிலேயே குத்தும்படி, இறக்கினார். பேச்செல்லாம் அதைப் பற்றித்தான்.

அவர் த. நடராஜன். அடுத்த பிப்ரவரியில், 10 லட்சம் ரூபாய் அடிப்படை விலையோடு ஐபிஎல் ஏலத்துக்குப் போன அவரை பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்தது. பலருக்கு இது அதிர்ஷ்டக் கதை. எனக்கு இது இயற்பியல் கதை. யார்க்கர் என்ற அந்தப் பந்தை ஒருமுறை போடவே மனித உடல் என்ன பாடுபட வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால், மூன்று கோடி மலிவு என்றுகூடத் தோன்றும்.

கணக்கைப் பார்ப்போம். ஸ்டம்புக்கும் ஸ்டம்புக்கும் இடையில் 20.12 மீட்டர். பந்து வீசுபவர் தன் பக்கத்துக் கிரீஸ் அருகே பந்தை விடுகிறார், மட்டையாளர் எதிர்ப்பக்கத்துக் கிரீஸில் நிற்கிறார். ஆக, பந்து போக வேண்டிய தூரம் ஏறக்குறைய 17.7 மீட்டர். பந்து கையைவிட்டுப் புறப்படும் உயரம் இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் மேல். மணிக்கு 135 கிலோமீட்டர் வேகம் என்றால் அரை நொடியில் பந்து போய்ச் சேர்ந்துவிடும். அந்த அரை நொடிக்குள் புவியீர்ப்பு மட்டுமே அதை 1.2 மீட்டர் கீழே இழுத்துவிடுகிறது. மிச்சமிருக்கும் தொண்ணூறு சென்டிமீட்டரைப் பந்து வீசுபவர்தான் தன் கையால் கொடுக்க வேண்டும். அதாவது கிடைமட்டத்திலிருந்து மூன்று டிகிரிக்குச் சற்றுக் குறைவாகக் கீழ்நோக்கிப் பந்தை விட வேண்டும்.

மூன்று டிகிரி. கையை முழுசாக நீட்டிச் சுண்டுவிரலைப் பார்த்தால் அதன் அகலம் ஒரு டிகிரி அளவுக்குத் தெரியும். அந்த ஒரு சுண்டுவிரல் அகலம் கூடினாலோ குறைந்தாலோ என்ன ஆகும்? பந்து தரையை நோக்கி மிகவும் சாய்வான பாதையில், பத்துப் பதினொரு டிகிரியில் இறங்குவதால், விடும் கோணத்தில் ஒரு டிகிரி பிசகினால் விழும் இடத்தில் ஒன்றரை மீட்டர் பிசகும். கீழ்ப்பக்கம் ஒரு டிகிரி போனால் அது மட்டையாளர் ஆசையாகக் காத்திருக்கும் ஹாஃப் வாலி. மேற்பக்கம் ஒன்றரை டிகிரி போனால் முழங்கால் உயர ஃபுல்டாஸ், பந்து வேலிக்கு வெளியே. இரண்டுக்கும் நடுவே யார்க்கருக்குக் கிடைக்கும் இடம் எழுபது சென்டிமீட்டர் நீளப் பட்டை என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அதற்கான கோண இடைவெளி அரை டிகிரிகூட இல்லை.

இதை நேரமாக மாற்றினால் இன்னும் கலக்கமாக இருக்கிறது. பந்தை விடும் கணத்தில் கை சுற்றும் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 1700 டிகிரி. அரை டிகிரிக்கும் குறைவான இடைவெளி என்றால், விரல்கள் பந்தை விடுவதற்குக் கிடைக்கும் நேரம் நொடியில் நாலாயிரத்தில் ஒரு பங்கு. மூளையிலிருந்து கைக்கு ஒரு கட்டளை போய்ச் சேரவே நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் பிடிக்கும். ஆகவே 'இப்போது விடு' என்று யோசித்து விடுவதெல்லாம் நடக்காத காரியம். ஓடிவரும்போதே எல்லாம் முடிவாகிவிடுகிறது. முன்கால் தரையில் அறைந்து நிற்க, அதில் உடல் எடையைப் போல் ஐந்து மடங்குக்கும் மேலான விசை இறங்குகிறது. அந்தக் காலின்மேல் உடம்பு முன்னே சாய்ந்து போகப் போக, கை வரையும் வட்டம் கொஞ்சம் தட்டையாகிறது, விரலுக்குக் கிடைக்கும் அவகாசமும் கொஞ்சம் கூடுகிறது. அவ்வளவுதான் சலுகை. மற்றதெல்லாம் ஒரே அசைவை ஆயிரக்கணக்கான தடவை அச்சுப் பிசகாமல் செய்து பழகியதால் வருவது.

இதை மனதில் வைத்துக்கொண்டு நடராஜனின் 2015ஐப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு ஜனவரியில்தான் தமிழ்நாட்டுக்காக ரஞ்சி ஆடினார். உடனேயே அவர் பந்துவீச்சு முறைமீது சந்தேகம் எழுந்து புகார் ஆனது. நம் ஊர் மைதானங்களில் 'மாங்கா' என்று கத்துவார்களே, அந்தக் குற்றச்சாட்டுதான். விதி எளிது: பந்தை விடும்போது முழங்கை 15 டிகிரிக்குமேல் நிமிரக் கூடாது. ஆனால் அதற்காக ஒருவர் தன் கையசைவை மாற்றினால், நாலாயிரத்தில் ஒரு பங்கு நொடிக்குப் பழக்கிவைத்த கணக்கு மொத்தமும் அழிந்துபோகும். புது வட்டம், புது வேகம், புது கணம். பெரும்பாலானவர்களின் கதை அங்கேயே முடிந்துவிடும். இவர் முறையைத் திருத்திக்கொண்டு அடுத்த ஆண்டே அந்த ஆறு யார்க்கர்களைப் போட்டார். எனக்கு அந்தச் சூப்பர் ஓவரைவிட இதுதான் பெரிய வியப்பு.

யார்க்கர் ஏன் அடிபடுவதில்லை என்பதும் தனிக்கதை. மட்டையில் பந்து நன்றாகப் பறக்கும் இடம், அடிநுனியிலிருந்து சுமார் ஒரு சாண் மேலே இருக்கிறது. அங்கே பட்டால் அதிர்வு இருக்காது, சத்தமே வேறு மாதிரி கேட்கும். யார்க்கர் படுவதோ மட்டையின் அடிநுனியில். அங்கே பட்டால் சக்தியில் பெரும்பகுதி மட்டை அதிர்வதிலும் கைப்பிடி திரும்புவதிலும் போய்விடும். மேலும், பந்தைத் தூக்கி அடிக்க மட்டை பந்துக்குக் கீழே போக வேண்டும். யார்க்கருக்குக் கீழே இருப்பது தரை. எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் தரைக்குள் மட்டையை விட முடியாது.

கண்ணும் கைவிட்டுவிடும். 2000ஆம் ஆண்டில் மைக்கேல் லேண்ட், பீட்டர் மெக்லியோட் என்ற இருவர் மட்டையாளர்களின் கண்ணசைவைப் பதிவுசெய்து பார்த்தார்கள். மட்டையாளர் பந்தைக் கடைசிவரை பார்த்துக்கொண்டே இருப்பதில்லை. கையைவிட்டு வரும் கணத்தைப் பார்க்கிறார். பிறகு கண், பந்து எங்கே குத்தும் என்று ஊகித்து அந்த இடத்துக்கு முன்கூட்டியே தாவிவிடுகிறது. பந்து குத்தி எழுவதைப் பார்த்துத்தான் அடியைச் சரிசெய்கிறார். யார்க்கரில் குத்தும் இடமே கால்விரலுக்கு அருகில். குத்திய பிறகு பார்ப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. 2020 ஐபிஎல்லில் ஏபி டி வில்லியர்ஸின் ஸ்டம்பை நடராஜன் சாய்த்தாரே, அந்தப் பந்தின் வீடியோவை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். அரைச் சதம் தாண்டி நன்றாக ஆடிக்கொண்டிருந்த உலகின் முதல்தர மட்டையாளர், மட்டையைக் கீழே கொண்டுவரும்போது பந்து போய்விட்டிருக்கும்.

சரி, இந்தத் திறமை சின்னப்பம்பட்டியில் எப்படி விளைந்தது? தாரமங்கலம், எடப்பாடி, இடைப்பட்ட ஊர்கள் எல்லாம் விசைத்தறிச் சத்தம் கேட்கும் ஊர்கள். அங்கே ஆடப்படுவது டென்னிஸ் பால் கிரிக்கெட். அறுவடை முடிந்த காடு, தண்ணீர் வற்றிய ஏரி, பள்ளிக்கூட மைதானம் என்று கிடைத்த இடத்தில் ஞாயிற்றுக்கிழமை டோர்னமென்ட். பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் பெரிய டோர்னமென்ட். நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கமும் இதே கதைதான்.

டென்னிஸ் பந்தின் எடை 60 கிராமுக்கும் குறைவு. கிரிக்கெட் பந்து 156 கிராமுக்குமேல். அளவு கிட்டத்தட்ட ஒன்றுதான், டென்னிஸ் பந்து கொஞ்சம்தான் சிறியது. எடை குறைந்து மேலே பஞ்சும் இருப்பதால் காற்று அதை எளிதில் மடக்கிவிடும். கணக்குப்படி, மட்டையாளரிடம் போய்ச் சேர்வதற்குள் கிரிக்கெட் பந்து தன் வேகத்தில் பத்தில் ஒரு பங்கைத்தான் இழக்கிறது. டென்னிஸ் பந்து கால் பங்குக்குமேல் இழந்துவிடும். எவ்வளவு வேகமாக வீசினாலும் மட்டையாளருக்கு நேரம் கிடைத்துவிடும். குத்தினால் இடுப்பு உயரத்துக்கு எழும்பி அடிக்கத் தோதாக வந்து நிற்கும். ஸ்விங், சீம் போன்ற தோல்பந்து வித்தைகளும் அதில் பெரிதாக எடுபடாது. எல்லைக்கோடு வேறு பக்கத்திலேயே இருக்கும். இந்த நிலையில் பந்து வீசுபவருக்கு ஒரே வழிதான்: பந்தை எழும்பவிடக் கூடாது. காலடியில் போட வேண்டும்.

தோல்பந்துப் பயிற்சி பெற்ற பையனுக்குக் கோச் முதலில் சொல்லித்தருவது, மட்டையாளருக்குச் சில மீட்டர் முன்பே குத்தும் குட் லெங்த். அவன் கை ஏழு டிகிரிக்குப் பழகியிருக்கும். யார்க்கர் அவனுக்குக் கடைசி ஓவரில் எடுக்கிற ஆயுதம். டென்னிஸ் பால் பையனுக்கோ யார்க்கர்தான் அன்றாடச் சோறு, அவன் கை மூன்று டிகிரியிலேயே வளர்ந்தது. பந்தின் எடையும் வேகமும் மாறும்போது கோணத்தை மறுபடி பழக வேண்டும் என்பது உண்மை. ஆனால் குறி வைக்கும் இடம் மாறுவதில்லை. நடராஜன் இருபது வயதுவரை முறையான தோல்பந்துக் கிரிக்கெட்டைப் பெரிதாக ஆடியதில்லை என்பதை அவருடைய குறையாகச் சொல்வார்கள். இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

அப்படியானால் முதல் சீசன் செய்தது என்ன? அது திறமையை உண்டாக்கவில்லை, எண்ணிப் பார்க்க வழி செய்தது. லீக் கட்டத்தில் ஓர் அணிக்கு ஏழு ஆட்டங்கள், ஒரு பந்துவீச்சாளருக்கு ஆட்டத்துக்கு அதிகபட்சம் 24 பந்து. எல்லாம் கேமராவுக்கு முன்னால். இங்கே நிகழ்தகவு உள்ளே வருகிறது. யார்க்கர் போட முயன்றால் மூன்றில் ஒன்று சரியாக விழும் என்கிற சுமாரான பந்துவீச்சாளர் ஆறையும் தொடர்ந்து இறக்குவதற்கான வாய்ப்பு 729ல் ஒன்று. இரண்டில் ஒன்று விழுகிற கெட்டிக்காரருக்கு 64ல் ஒன்று. மூன்றில் இரண்டு விழுகிறவருக்குப் பதினொன்றில் ஒன்று. ஆறு பந்து மிகச் சிறிய எண்ணிக்கை என்று புள்ளியியல்காரர்கள் முகம் சுளிக்கலாம், ஆனால் இப்படிப்பட்ட ஆறு பந்து நிறையச் சொல்லும். அதுவும் தோற்றால் போச்சு என்கிற சூப்பர் ஓவரில். பார்த்த ஏலக்காரர்களுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டியதில்லை, கண்ணே போட்டிருக்கும்.

சின்ன ஊர்களும் தொழில்முறை லீக்குகளும் சேர்வது புதிதல்ல. ஐஸ் ஹாக்கியில் முழுக்கச் சம்பளத்துக்கு ஆடிய முதல் லீக் 1904ல் தொடங்கியது. அதன் அணிகளில் இரண்டு, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துச் செப்புச் சுரங்க ஊர்களான ஹவ்டனையும் கலூமெட்டையும் சேர்ந்தவை. சம்பளம் வாங்குவதைக் கனடாவின் பெரிய கிளப்புகள் இழுக்கு என்று ஒதுக்கியதால் அங்கத்திய நல்ல ஆட்டக்காரர்கள் இந்தச் சுரங்க ஊர்களுக்குப் போனார்கள். மூன்று சீசனில் அந்த லீக் மூடப்பட்டது. தமிழ்நாட்டு லீக் அந்த வகையில் கெட்டி, கொரோனாவால் 2020ல் நின்றதைத் தவிர ஆண்டுதோறும் நடக்கிறது.

பிறகு நடந்தது பலருக்கும் தெரியும். 2020ல் வலைப்பயிற்சிக்குப் பந்து வீசுபவராக ஆஸ்திரேலியா போன நடராஜன், டிசம்பர் 2 அன்று கான்பெராவில் ஒருநாள் போட்டியிலும், இரண்டு நாள் கழித்து அங்கேயே டி20யிலும், 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்டிலும் அறிமுகமானார். ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வடிவத்திலும் அறிமுகமான முதல் இந்தியர் அவர்தான். பிரிஸ்பேனில் சதமடித்த லபுஷேனின் விக்கெட்டும் அவருக்கே. அதற்கப்புறம் முழங்கால் அறுவைச் சிகிச்சை வந்தது. ஒவ்வொரு பந்துக்கும் ஐந்து மடங்கு எடையைத் தாங்கும் கால், கணக்கை ஒருநாள் கேட்கத்தான் செய்யும்.

ஊரிலும் மாற்றங்கள் வந்தன. அதே வட்டாரத்து ஜி. பெரியசாமி 2019 தமிழ்நாடு பிரீமியர் லீக் இறுதிப் போட்டியில் சேப்பாக் அணிக்காக 15 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்தார். 2020 பிப்ரவரியில் வாழப்பாடி பக்கத்தில் சேலம் கிரிக்கெட் மைதானம் திறக்கப்பட்டது. முதல் சீசனை வென்ற டூட்டி அணியே பின்னர் சேலம் ஸ்பார்டன்ஸ் ஆனது. 2023 ஜூனில் சின்னப்பம்பட்டியில் நடராஜன் தன் செலவில் கட்டிய மைதானத்தை தினேஷ் கார்த்திக் திறந்துவைத்தார்.

சந்தேகம் இருந்தால் நீங்களே பார்த்துவிடலாம். கிரீஸ் இருக்கும் இடத்தில் ஒரு ஜோடி செருப்பை முன்னும் பின்னுமாக வையுங்கள், 18 மீட்டர் அளந்து நில்லுங்கள், டென்னிஸ் பந்தை முழு வேகத்தில் ஆறு தடவை போடுங்கள். எத்தனை பந்து செருப்பில் பட்டது என்று யாராவது எண்ணட்டும். நான்கு பட்டால் அடுத்த தேர்வு முகாமுக்குத் தாமதிக்காமல் போய்ச் சேருங்கள்.