வெள்ளைக் கோட்டுக்கு வெளியே

சிதம்பரத்திலிருந்து அண்ணாமலைநகர் போக ரயில்வே மேம்பாலம் ஏற வேண்டும். பைக்கில் வருபவருக்கு ஒரு கியர் குறைத்தால் முடிந்தது. சைக்கிள்காரர் சீட்டை விட்டு எழுந்து நின்று மிதிக்கிறார். ஒவ்வொரு மிதிக்கும் ஹேண்டில்பார் இந்தப் பக்கம் ஒரு சாண், அந்தப் பக்கம் ஒரு சாண் ஆடுகிறது. பின்னால் வரும் பஸ் ஹாரன் அடிப்பதும் சரியாக அந்த நேரத்தில்தான்.

"சைக்கிள்காரங்க நேரா போறதே இல்ல சார், திடீர்னு உள்ள வந்துடுறாங்க" என்று டிரைவர்கள் அலுத்துக்கொள்வதுண்டு. அதில் பொய்யில்லை. ஏன் உள்ளே வருகிறார்கள் என்பதற்குச் சாலையின் ஓரத்தைத்தான் பார்க்க வேண்டும்.

கடலூர் – சிதம்பரம் சாலையில் வெள்ளைக் கோட்டை ஒட்டி மணல் படிந்திருக்கும். மழை பெய்தால் குட்டை. மற்ற நாளில் நிறுத்தி வைத்த மினி லாரி, இளநீர் வண்டி. தார்மேல் தார் போட்டு உயர்ந்துபோன சாலை என்றால் விளிம்பு படிக்கட்டு மாதிரி நிற்கும். சக்கரம் கீழே இறங்கிவிட்டால் லேசில் மேலே ஏறாது. ஓடும்போதே ஏற்றப் பார்த்தால் வண்டி சாயும், அதுவும் பஸ் வரும் பக்கமாகவே சாயும். இரண்டு முறை விழுந்தவர் மூன்றாம் முறை தாரை விட்டு இறங்க மாட்டார்.

இந்தச் சாலைகளில் சைக்கிள் மிதிப்பவர்களில் பலர் பள்ளிப் பிள்ளைகள். தமிழ்நாடு அரசு 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. 2005-06இல் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் மேல்நிலை வகுப்பு மாணவர்கள் எல்லோருக்கும் அது விரிந்தது. ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் சைக்கிள்கள் போகின்றன. சைக்கிள் கொடுப்பது ஒரு துறை, சாலை போடுவது இன்னொரு துறை. இருவரும் ஒரு நாளாவது உட்கார்ந்து பேசியதற்குச் சாலையில் அடையாளம் எதுவும் இல்லை.

2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். ஐந்தில் ஒருவருக்கும் மேல் நடந்து போனவர்கள் அல்லது சைக்கிளில் போனவர்கள்.

தனிப் பாதை போட்டால் சரியாகிவிடுமா? டெல்லியில் 2008இல் திறந்த அதிவிரைவு பஸ் வழித்தடத்தில் சைக்கிளுக்கென்றே பாதை ஒதுக்கினார்கள். நெரிசல் கூடியதும் பைக்குகள் அதற்குள் புகுந்தன. 2016இல் வழித்தடத்தையே பெயர்த்தெடுத்துவிட்டார்கள். நெதர்லாந்துக்காரர்களும் பிறவியிலேயே சைக்கிள் பக்தர்கள் அல்லர். 1971இல் அந்தச் சின்ன நாட்டில் சாலை விபத்துகளில் 3,000 பேருக்கு மேல் இறந்தார்கள்; அதில் 400க்கும் அதிகமானோர் குழந்தைகள். பெற்றோர் தெருவில் இறங்கிப் போராடிய பிறகுதான் பாதைகள் பெருகின. அங்கே வெறும் பெயின்ட் கோட்டை நம்பி விட்டுவிடவில்லை. பெரிய சாலைகளில் சைக்கிளுக்கும் காருக்கும் இடையே கட்டையோ புல்தரையோ இருக்கிறது, சந்திப்பில் சைக்கிள் எங்கே நிற்க வேண்டும் என்பதுவரை யோசித்திருக்கிறார்கள்.

அதற்காக எல்லாத் தெருவிலும் கட்டை கட்ட முடியாது. சிதம்பரத்தின் நான்கு வீதிகளில் கட்டினால் ஆனியிலும் மார்கழியிலும் நடராஜர் தேர் திரும்புவது எப்படி? அங்கே வேகத்தைக் குறைப்பதுதான் வழி. சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிர்ப்பலி விபத்துக்கான வாய்ப்பு சுமார் 4 சதவீதம் கூடுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வண்டிகள் 30 கிலோமீட்டருக்குள் ஊர்ந்து, பார்க்கிங்கும் ஒழுங்காக இருந்தால் சைக்கிளும் காரும் ஒரே வீதியில் போய்க்கொள்ளலாம்.

நெடுஞ்சாலையின் கதை வேறு. நான்கு வழியாகி நடுவில் தடுப்பும் வந்துவிட்டால், எதிரே தெரியும் பள்ளிக்கூடத்துக்குப் போகக்கூட அடுத்த இடைவெளிவரை மிதித்துத் திரும்பி வர வேண்டும். வெயிலில் யார் சுற்றுவார்கள்? ஓரமாக எதிர்த்திசையில் வருகிறார்கள். இருட்டில் லைட் இல்லாத சைக்கிள் எதிரே வருவதைக் கண்டு பதறும் கார்க்காரருக்கும் தனிப் பாதையின் அருமை தெரியும். பஸ்ஸுக்கும் லாபம்தான்: சைக்கிளுக்காகப் பிரேக் போட்டு, வலப்பக்கம் ஒடித்து, எதிர் லாரியைப் பார்த்து மறுபடி உள்ளே வரும் அந்த ஆட்டம் மிச்சம்.

இது ஏதோ வெளிநாட்டு ஆசையும் இல்லை. மணிக்கு 200 மோட்டார் வாகனங்களுக்கு மேல் ஓடும் சாலையில், நெரிசல் நேரத்தில் மணிக்கு 100 சைக்கிள் போனாலே தனிப் பாதை போடலாம் என்று சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1962லேயே எழுதி வைத்தது. 100 என்றால் நிமிடத்துக்கு இரண்டுகூட இல்லை. கடலூர் மஞ்சக்குப்பத்திலோ அண்ணாமலைநகர் பாலத்தடியிலோ கணக்கெடுக்க ஒரு நோட்டு, ஒரு பேனா, காலை எட்டிலிருந்து ஒன்பது வரை நிற்கக் கொஞ்சம் நிழல் போதும்.